துணியின் மறுபாதி

“அம்மா, சாமிக்குக் காது வலிக்காதா?”

பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் பூசை மணி அடித்தபோது, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சரண் கேட்டது அது. நான்கு வயது வரை ஒற்றைச் சொல்லாகவே பேசிவந்த பிள்ளை முதன்முதலாக முழுசாகக் கேட்ட கேள்வி. விஷ்ணுப்ரியா சந்நிதியிலேயே அழுதுவிட்டாள். அன்று முதல் அவளுக்கு ஒரே பயம், வந்த பேச்சு திரும்பிப் போய்விடுமோ என்று.

கிள்ளானில், மாமியார் வீட்டு அடுப்படியில் கேசரிக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தபோதும் அந்தப் பயம் கூடவே இருந்தது. வாசலில் கூடாரம் போட்டு நாத்தனார் மலருக்கு வளைகாப்பு. ஸ்பீக்கர் அலறியது. சரண் அடுப்படி மேசைக்கு அடியில் தன் மஞ்சள் துணியை மோந்தபடி சுருண்டிருந்தான்.

“நீ உள்ளயே இரு விஷ்ணு, தப்பா நெனைக்காத,” என்று மாமியார் சீதாலெட்சுமி காலையிலேயே சொல்லியிருந்தாள். “மாசம் நெறையாம பெத்தவ கையால வளையல் போடக் கூடாதும்பாங்க. மலருக்கு நல்லபடியா ஆகணும்லா.”

சரண் இருபத்தெட்டாம் வாரத்தில் பிறந்தவன். விஷ்ணுப்ரியாவின் வளைகாப்புக்கு நாள் குறித்து எல்லாருக்கும் சொல்லியான பிறகு, ரத்தக்கொதிப்பு ஏறி, அவசரமாக அறுத்து எடுத்த பிள்ளை. எடை ஒரு கிலோகூட இல்லை. எழுபது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். “இந்த மாதிரி புள்ளைங்க சில பேருக்குச் சத்தம் ஊசி மாதிரி குத்தும். ஃபோர்ஸ் பண்ணாதீங்க. பயம் கொறஞ்சா பேச்சு வரும்,” என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். மாமியார் வீட்டில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வளையல் சத்தம் கேட்காமல் பிறந்த பிள்ளை, அதனால்தான் இப்படி என்பது அவர்கள் கண்ட காரணம்.

ஏலக்காய் எடுக்க உள்ளறைக்குப் போய் வந்தவள் குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் துணி மட்டும் கிடந்தது.

வாசலில் பக்கத்து வீட்டு உஷாராணியின் குரல் கேட்டது. “வயித்துல கேக்காதத இப்ப கேக்க வெச்சிருவோம் லா! மலரு, கைய நல்லா ஆட்டு. ஒரே செலவுல ரெண்டு புள்ளைக்கு வளைகாப்பு!”

பெண்கள் சிரித்தார்கள். விஷ்ணுப்ரியா ஓடினாள். சரண் மாமியார் மடியில் இருந்தான். காதைப் பொத்த முடியாதபடி அவன் கைகளை சீதாலெட்சுமி பிடித்திருந்தாள். அவள் முகத்தில் கொடுமை இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிய மலரின் கைகள் பிள்ளையின் காதோரம் குலுங்கின. அண்ணியைக் கண்டதும் அவை ஒரு கணம் நின்றன.

“ஆட்டுடி!” என்றாள் சீதாலெட்சுமி.

மலர் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினாள்.

சரண் வீறிட்டான். சட்டென்று குனிந்து தன் புஜத்தையே கடித்தான். பிறகு அந்தக் கத்தலும் அறுந்துபோனது.

“பாத்தியா, அடங்கிட்டான்,” என்றாள் உஷாராணி.

“அடங்கல ஆன்டி. பயந்துட்டான்.” அந்த வீட்டில் அத்தனை பேர் நடுவே விஷ்ணுப்ரியா வாய் திறந்தது அதுவே முதல் தடவை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

அன்று மூடிய வாய் ஒன்பது நாளாகியும் திறக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. தங்கள் வீட்டிலும் மேசைக்கு அடியிலேயே கிடந்தான்.

“பேச்சு போயிடுச்சாங்க?” என்று அவள் கேட்டாள். கணவன் விஜயன் பிள்ளையின் செருப்புகளை வரிசையாக எடுத்து வைத்தான்.

பத்தாம் நாள் காலை அவன் போனோடு வந்தான். “மலருக்குப் பனிக்குடம் ஒடஞ்சிருச்சாம். முப்பத்தோரு வாரம்தான். ஆப்பரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க, பொம்பளப் புள்ள. பெட்டியில வெச்சிருக்காங்க. ‘பதினோரு சுமங்கலியப் பாத்துப் பாத்து வளையல் போட வெச்சேனே’ன்னு அம்மா அழுவுறாங்க.”

அவன் கிளம்பிப் போனதும் விஷ்ணுப்ரியா அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில் இன்னொரு மஞ்சள் துணி இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் அவள் எழ முடியாமல் வார்டில் கிடந்தபோது, தாய் வாசனை தெரிந்தால் பிள்ளை சற்று அமைதியாகும் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். கன்னிப் பெண் அங்கெல்லாம் போகக் கூடாது என்று சீதாலெட்சுமி தடுத்திருந்தாள். ஆனாலும் காலேஜ் முடிந்து அம்மாவுக்குத் தெரியாமல் வந்தவள் மலர். ஒரு பழைய மஞ்சள் சேலைத் துண்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அண்ணியின் கழுத்தடியிலும் மறுபாதியைப் பெட்டிக்குள்ளும் வைக்கச் செய்து, தினமும் மாற்றிக் கொடுத்தாள். சரண் முகம் தெரியாத தன் தாயை அறிந்தது அந்தத் துணியில்தான்.

ஆனால் வளையல் குலுக்கியதும் அதே கைகள். துணியோடு மருத்துவமனைக்குப் போனால், உன் கண் பட்டுத்தான் இப்படி என்று மாமியார் சொல்லலாம். விஷ்ணுப்ரியா துணியை மடித்து அலமாரிக்குள்ளேயே வைத்தாள்.

“பாப்பாவுக்கும் காது வலிக்குதா?”

மேசைக்கு அடியிலிருந்து வந்தது குரல். விஷ்ணுப்ரியா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சத்தமாக அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆமா கண்ணு. அங்க மெஷினெல்லாம் மணி அடிச்சிக்கிட்டே இருக்கும்.”

சரண் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

“பாப்பாவுக்குத் துணி குடு,” என்றான்.

அவள் அலமாரியிலிருந்த துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, சரணை விஜயனிடம் விட்டுவிட்டு மறுநாள் மருத்துவமனைக்குப் போனாள். சீதாலெட்சுமி நேர்த்திக்கடன் வைக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். மலர் மருந்து மயக்கத்தில் தூங்கினாள். ஆப்பரேஷனுக்கு முன் கழற்றிய வளையல்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிலோரம் கிடந்தன, சில உடைந்திருந்தன. அவள் எழுந்துவிடாதபடி, பையைச் சத்தமில்லாமல் தூக்கி அலமாரிக்குள் வைத்தாள் விஷ்ணுப்ரியா. துணியை மலரின் கழுத்தடியில் செருகினாள். ஒரு மணி நேரம் காத்திருந்து அதை மெல்ல உருவி எடுத்துக்கொண்டாள்.

குழந்தைகள் பிரிவின் வாசலில் நர்ஸ் துணியை வாங்கி, யாருடையது என்று மலாய் மொழியில் கேட்டாள்.

“அம்மாவோடது,” என்று மலாயிலேயே சொன்னாள் விஷ்ணுப்ரியா.

நர்ஸ் அதை ஒரு பையில் போட்டு, தாயின் பெயரைக் கேட்டு, மேலே மலரின் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. விஷ்ணுப்ரியா, மாமியார் திரும்பி வருவதற்குள், படி வழியாக இறங்கிப் போனாள்.