இரண்டாம் எண் கயிறு

முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. சோபாவில் கிரெக்கும் அவனுடைய இரண்டு மகன்களும். கார்பியிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தார்கள். ஜன்னலோரம் இரவல் நாற்காலிகளில், பால்முரி ரோவர்ஸ் கால்பந்து அணியில் அப்பாவோடு ஆடிய நான்கு கிழவர்கள். ஓரமாக இருந்தவர் கோல்கீப்பர் டோட். ஊருக்குப் புதிதான போதகர் விவரம் தெரியாமல் அப்பாவின் நாற்காலியிலேயே அமர்ந்துவிட்டார். கிளப் தலைவர் மிஸ்டர் லெக்கி மட்டும் உட்காரவில்லை. கணப்படுப்பின் மேல்தட்டில் முழங்கையை ஊன்றி, விஸ்கிக் கிளாஸோடு நின்றார். நடுவே, மூடிய சவப்பெட்டிக்குள் அப்பா, ஆர்ச்சி டன்லாப். அவருடைய மகள் ரோனா கரண்டியைப் பிடித்த கையோடு சமையலறை வாசலில் நின்றாள்.

சடங்கை நடத்த வந்தவர் கறுப்புக் கையுறைகளைக் கழற்றி, சிறிய அட்டைகளை விநியோகித்துக்கொண்டிருந்தார். அட்டையில் பெட்டியின் படம். அதைச் சுற்றி எட்டுக் கயிறுகள். அவரவர் கயிற்றின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஒன்று தலைமாடு. இரண்டு கால்மாடு. மற்றவை பக்கங்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது எந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே, போனவருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்று ஊர் சொல்லிவிடும்.

எட்டு அட்டைகளும் தீர்ந்தன. ரோனா தம்பி கிரெக்கைக் கண்ணாலேயே சமையலறைக்கு அழைத்தாள்.

"எனக்கு எங்கடா?"

"எட்டுதான் ரோனா. முடிஞ்சுபோச்சு."

"லெக்கிக்கு ரெண்டாம் நம்பர். அப்பா ஆடி அந்த ஆளு ஒரு நாள் பார்த்திருப்பானா?"

"கிளப் அவ்ளோ பெரிய மாலை அனுப்பியிருக்கு. பேப்பர்ல எல்லாம் வரும். மரியாதை வேணாமா? அதோட நம்ம வீட்ல பொம்பளைங்க எப்ப கயிறு பிடிச்சாங்க? தாத்தா சாவுக்கு அம்மா வீட்லதானே இருந்தா, சூப்பைப் பார்த்துக்கிட்டு."

"இத்தனை வருஷம் அவருக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டது யாரு? கார்பியிலேருந்து நீ வந்தா மாட்டினே?"

கிரெக் அடுப்பைப் பார்த்தான். "அடிப்பிடிக்குது பாரு," என்றான்.

உண்மையிலேயே அடிப்பிடித்திருந்தது. அவள் பருப்பு சூப்பைச் சுரண்டிக் கிளறுவதற்குள் அவன் போய்விட்டான்.

முன்னறையில் டோட் போதகருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "முக்காவாசி கோல் தலையாலதாங்க. பகல் பூரா கம்பளி ஆலையில வேலை. சாயங்காலம் வந்தா, பார்வையாளர் கூரைக்கு அடியில ஒரு பந்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. எம்பி எம்பி முட்டுவான். தோல் பந்து. மழையில ஊறிச்சின்னா அது பந்தில்ல, செங்கல்லு. நாங்க குளிச்சிட்டுக் கிளம்புவோம், அவன் முட்டிக்கிட்டே இருப்பான்."

"பெரிய கிளப் எதுவும் கூப்பிடலையா?" என்று போதகர் கேட்டார்.

"கூப்பிட்டாங்களே. கிளாஸ்கோவுக்கு வாங்கிட்டுப் போனாங்க. மாத்து ஆளா ரெண்டு சீசன் பெஞ்சைச் சூடு பண்ணிட்டுத் திரும்பி வந்தான். நாட்டுக்காக ஆடவும் ஒரு தடவை கூப்பிட்டாங்க. அந்த வாரம் பார்த்து முட்டி போச்சு. அதுக்கப்புறம் கூப்பிடல."

ரோனா லெக்கியிடம் போனாள். கடைசி நாட்களில் அப்பா அவளை நர்ஸ் என்று கூப்பிட்டார். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, நெற்றியை முன்னால் தள்ளித் தள்ளி ஆட்டினார். தலையால் அவ்வளவு பந்து அடித்தவரா என்று டாக்டர் கேட்டார். அந்தப் பயிற்சியைப் பற்றி கிளப் எழுதிக் கொடுத்தால் மறதி நோய் ஆராய்ச்சிக்கு உதவும் என்றார். தேதி போட்டு, பத்தி பிரித்து, ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்டு அவள் கிளப்புக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். பிறகு நகல்களையும் இணைத்து இன்னொரு முறை எழுதினாள்.

"என் லெட்டரெல்லாம் வந்துச்சா, மிஸ்டர் லெக்கி?"

"வந்துச்சு, வந்துச்சு. வக்கீல்கிட்ட இருக்கும்மா." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னைக்கு அதெல்லாம் எதுக்கு? இன்னைக்கு ஆர்ச்சியோட நாள்."

கிளாஸை வைக்க இடம் தேடினார். மேல்தட்டு வார்னிஷில் ஈரம் படக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்து, அதன்மேல் கிளாஸை வைத்தார். பிறகு அவளுடைய தோளை இரண்டு முறை தட்டினார்.

ரோனா திரும்பியபோது டோட் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தார். "கண்ணு, என்னுத நீ எடுத்துக்க. ஆறாம் நம்பர். உன் தம்பி போயும் போயும் கோல்கீப்பர் கையில கயிறு குடுக்கிறான். நான் புடிச்ச பந்தைவிட விட்ட பந்து ஜாஸ்தி. உங்கப்பனைத் தொப்புன்னு போட்டுடப் போறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்து, வந்த வழியே போய்விட்டது. "உங்களுத எனக்கு வேணாம் டோட். நீங்க பிடிக்கணும்," என்றாள்.

போதகர் ஜெபித்தார். பெட்டியைத் தூக்கினார்கள். "நீ இருந்து சூப்பைப் பார்த்துக்கயேன்," என்று கிரெக் வாசலில் சொன்னான். ரோனா அடுப்பை அணைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் புல் வெள்ளையாக விறைத்திருந்தது. குழி வெட்டியவர்கள் கடப்பாரையால் பெயர்த்த மண் கட்டி கட்டியாகக் கிடந்தது. ஆண்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். ரோனா இரண்டாவது வரிசையில், யாருடைய முதுகுக்கோ பின்னால் நின்றாள்.

"ஒன்று," என்றார் நடத்துபவர். கிரெக் தலைமாட்டுக்குப் போனான்.

"இரண்டு."

யாரும் நகரவில்லை.

"இரண்டாம் எண்?"

"லெக்கி எங்கய்யா?"

"அவரு அப்பவே மைதானத்துக்குப் போயிட்டாரு," என்றார் கிழவர்களில் ஒருவர். "நாளைக்கு மேட்ச். உறைபனியா இருக்குல்ல, ரெஃப்ரி தரையைப் பார்க்க வர்றாராம்."

"கடைசி நிமிஷத்துல ஆளைக் காணோம்," என்று டோட் எல்லோருக்கும் கேட்கும்படியே முணுமுணுத்தார். "கிளப்பு மாறவே இல்ல."

கிரெக் கூட்டத்தைத் துழாவினான். "யாராச்சும் ஒரு ஆளு முன்னாடி வாங்களேன். ஆம்பளைங்க யாராச்சும்…"

அதற்குள் ரோனா கால்மாட்டுக்கு வந்திருந்தாள். கையுறைகளைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். நடத்துபவர் கிரெக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. குஞ்சம் வைத்த கயிற்றின் நுனியை அவளுடைய கையில் வைத்தார்.

"கையில சுத்திக்காதீங்கம்மா. நான் சொல்றப்ப மெல்ல விட்டா போதும்."

மற்ற எண்களும் கூப்பிடப்பட்டன. குழியின் மேல் பெட்டியைத் தாங்கியிருந்த பலகைகளை உருவினார்கள். பாரம் கைக்கு வந்தது. அவள் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது. தினமும் காலையில் அவரைக் குளியலறைக்கு அழைத்துப்போகும்போது தோளில் சாய்ந்த பாரம் இதைவிட அதிகம்.

இறக்கச் சொன்னதும் கிரெக்கின் கயிறு வழுக்கியது. தலைமாடு சட்டென்று சாய்ந்தது.

"மெதுவாடா. தலை," என்றாள் ரோனா.

அவன் இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் தன் பக்கத்தை விரற்கடை விரற்கடையாக விட்டாள். பெட்டி சமமானது. பிறகு எல்லோரும் சேர்ந்தே இறக்கினார்கள். அடியில் தட்டிய ஓசைக்குப் பின் மற்றவர்கள் கயிறுகளை உள்ளே போட்டார்கள். அவள் தன்னுடையதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

வீட்டில் சூப் தீய்ந்த வாசனையோடு இருந்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறதென்று சொல்லிச் சாப்பிட்டார்கள். கிழவர்கள் இருட்டுவதற்குள் கிளம்பினார்கள். டோட் வாசலில் அவளுடைய வலது கையைக் குலுக்கிவிட்டு, இடது கையையும் குலுக்கினார்.

மேல்தட்டில் லெக்கியின் கிளாஸ் அப்படியே இருந்தது. ரோனா அதை எடுத்தாள். அட்டை கிளாஸின் அடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உரித்துப் பார்த்தாள். இரண்டாம் எண்ணைச் சுற்றிப் பேனா போட்ட வட்டத்தின் மேலே விஸ்கி ஈரத்தில் இன்னொரு பெரிய வட்டம். பெட்டியின் கால்மாடு மை கலங்கிக் கரைந்திருந்தது.

அடுப்பருகே வைத்து உலர்த்தினாள். மேசையைத் துடைத்து, தாளை எடுத்து, வழக்கம்போல வலது மூலையில் முகவரியும் தேதியும் எழுதினாள்.

அன்புள்ள மிஸ்டர் லெக்கி, எங்கள் வீட்டில் நீங்கள் வைத்துவிட்டுப் போனதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இப்படிக்கு, ரோனா டன்லாப்.

கிரெக் அவளுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அட்டையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஸ்டாம்ப் இருக்கா?" என்று கேட்டான்.

"டிராயர்ல இருக்கு."

எடுத்துக் கொடுத்தான். அவள் கடிதத்தையும் அட்டையையும் உறைக்குள் வைத்து, ஓரத்தை நக்கி ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தி நீவினாள். ஏப்ரனுக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். சிவப்புத் தபால் பெட்டியின் வாயில் பனி பூத்திருந்தது. உறையை விட்டபிறகும் கையை அங்கேயே வைத்திருந்தாள். பெட்டிக்குள் வேறு கடிதமே இல்லை போலும். அது அடிவரைக்கும் போய் விழுந்த ஓசை கேட்டது.