பத்து ஐ ஃபைவும் என் கையெழுத்தும்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான்தான் தலைவி. பெற்றோரில் ஒரு பெண்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "தலைவரம்மா கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார் மலையாண்டி அண்ணன். முன்னாள் ஊராட்சித் துணைத் தலைவர். பள்ளிக்கு ஒரு பெஞ்சு வாங்கினாலும் அவர்தான் விலை பேசுவார்.

அந்தக் கையெழுத்தைக்கூட நான் போட்டதில்லை என்பதுதான் வெட்கக்கேடு. குன்றாண்டார்கோவிலில் ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வருகிறவர்களால் காலையிலிருந்து நிற்க நேரம் இருக்காது. குழு கூடும் நாளில் என் கணவர் உதயசூரியன் போய் உட்கார்ந்து, தீர்மான நோட்டில் என் பெயரை எழுதிவிட்டு வருவார். எங்கள் பக்கம் தலைவி என்றால் தலைவியின் வீட்டுக்காரர் என்றுதான் அர்த்தம். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை. ஒரு அலைச்சல் மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் விஷயம் வந்தபோதுதான் விடவில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பையன்கள் பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கப் பணம் அனுப்பியிருந்தார்கள். புதிது வாங்க அது பற்றாது. புதுக்கோட்டையில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ரகுநாத் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் ஐ ஃபைவ் 2400 என்ற ப்ராசஸர், விலை ஏழாயிரத்து ஐந்நூறு. இன்னொன்றில் பென்டியம் ஜி 4560, விலை எட்டாயிரம்.

மலையாண்டி அண்ணனுக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. "ஐ ஃபைவு வெலையும் கம்மி, பேரும் பெருசு. அத விட்டுப்புட்டுப் பென்டியத்த வாங்குனா பசங்க போன்லயே காறித் துப்புவானுங்க."

பென்டியம் என்றால் அவர் கல்யாணக் காலத்துச் சாமான் என்று நினைப்பு. பெயர்தான் பழசு. அந்த ஐ ஃபைவ் வெளிவந்தது 2011இல், இந்தப் பென்டியம் 2017இல். என் கடையில் நாள் முழுக்க ஓடுவதும் இதே பென்டியம்தான். ஒரு நாள்கூட என்னிடம் மக்கர் பண்ணியதில்லை.

வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம் என்று ஒரு சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறினேன். ரகுநாத் கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு மெமரியும் ஒரே மாதிரி டிஸ்க்கும் போடச் சொன்னேன். "மேடம், இதெல்லாம் யாரும் கேட்டதில்ல" என்றார். கேட்காதவர்களுக்கும் சேர்த்து நான் கேட்கிறேன் என்றேன்.

பக்கங்களைத் திறப்பது, தமிழில் தட்டச்சு, பாட வீடியோ எல்லாவற்றிலும் பென்டியம் கொஞ்சம் முந்தியது. ஒரு பெரிய வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது மட்டும் ஐ ஃபைவ் அரை நிமிடம் முன்னால் முடித்தது. அதில் நாலு கோர், அதாவது கணக்குப் போடும் மூளை நாலு, இதில் இரண்டு, முடிக்கத்தான் செய்யும். நான் அதை மறைக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை என்ன, கல்யாண வீடியோவா எடிட் பண்ணப் போகிறது?

பிறகு கையோடு கொண்டுபோயிருந்த சின்ன மீட்டரைப் பிளக்கில் மாட்டி, கரண்ட்டை அளந்தேன். பாட வீடியோ ஓடும்போது ஐ ஃபைவ் பெட்டி எண்பது வாட் குடித்தது. பென்டியம் முப்பத்தாறுதான். எனக்கு விடை கிடைத்துவிட்டது. எங்கள் ஊரில் மத்தியானம் கரண்ட் போகாத நாள் அபூர்வம். பள்ளியில் இருப்பது ஒரே ஒரு இன்வெர்ட்டர், அது தாங்குவது எண்ணூறு வாட். பத்து ஐ ஃபைவோடு மானிட்டரையும் சேர்த்தால் ஆயிரத்தை நெருங்கும். பென்டியம் என்றால் ஐந்நூற்று நாற்பதோடு நிற்கும்.

அடுத்த கூட்டத்துக்கு நானே போய் இதைச் சொன்னேன். தலைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே சரக்கு இறங்கும் என்று தீர்மானம் ஆனது. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் நம்பிவிட்டேன்.

பத்தாம் நாள் காலையில் தலைமையாசிரியை இன்னாசியம்மாள் டீச்சர் போன் செய்தார். "பரிமளா, கம்ப்யூட்டர் வந்து இறங்கிருச்சு. பத்தும் ஐ ஃபைவு. நீ சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டியாமே?"

நான் ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை முறுக்கினேன்.

பள்ளி வாசலில் ரகுநாத்தின் வேன் நின்றது. மலையாண்டி அண்ணன் சம்மதக் கடிதத்தை நீட்டினார். அடியில் என் பெயர். என் பெயரை அப்படிச் சாய்த்து எழுதுகிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். அவர் வேன் பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரே உள்ளே போனேன். "பத்தையும் போடுங்க. பத்துலயும் பாட வீடியோ ஓடட்டும்" என்றேன். ஓடியது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள், என் மகள் காவ்யாவும்தான்.

"பாத்தியா தங்கச்சி, எப்புடிப் பறக்குது!" என்றார் மலையாண்டி அண்ணன்.

"மெயின ஆஃப் பண்ணுங்க டீச்சர்."

இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. மூச்சு இழுக்கும் நேரம்கூட இல்லை, பத்துத் திரைகளும் கறுத்துவிட்டன. மறுபடி போட்டார்கள், மறுபடி அணைந்தது.

மலையாண்டி அண்ணன் மசியவில்லை. "சரி, கரண்டு போனா அஞ்ச அமத்திப்புட்டு அஞ்ச ஓட்டிக்கலாம். வந்தது வந்துருச்சு. கையெழுத்தும் ஆயிப்போச்சு."

அந்த அஞ்சு பெட்டி முன்னால் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். பையன்கள் முதலில் ஓடிப்போய் உட்காருவார்கள். பிள்ளைகளே, நீங்கள் பின்னால் நின்று பாருங்கள் என்று பெண் பிள்ளைகளை எழுப்புவார்கள். நான் படித்த காலத்தில் பின்னால் நின்று பார்த்தே கம்ப்யூட்டர் கற்றவள். காவ்யா நிற்க மாட்டாள்.

"அண்ணே, அது என் கையெழுத்து இல்ல."

ரகுநாத் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மலையாண்டி அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "பரிமளா, வீட்டுக்காரன நாலு பேரு முன்னாடி நிறுத்தாத. எப்பவும் அவன் போடறதுதான? இங்கிட்டு வா, தனியாப் பேசுவம்."

"எப்பவும் போட்டாரு, நானும் விட்டேன். அது என் தப்பு. அதுக்குப் புள்ளைங்க எதுக்குப் பின்னாடி நிக்கணும்? எங்கிட்டும் வரல. இங்கயே பேசுங்க."

அவமானம் என் வீட்டுக்காரருக்கு மட்டுமா? இன்று ராத்திரி ஒரே வீட்டில்தான் சாப்பிட வேண்டும். அதற்காக வாயை மூட முடியாது.

ரகுநாத்தான் முதலில் அசைந்தார். "மேடம் சொன்னது கடையிலயே எனக்குத் தெரியும். மலையாண்டி சார் போன் பண்ணி எறக்கச் சொன்னாரு, எறக்கிட்டேன். வெள்ளிக்கிழமை பென்டியம் கொண்டு வாரேன். ஐயாயிரம் கூட வரும்."

"அனுப்புன பணத்துல மிச்சம் இருக்கு. பத்தலன்னா சிங்கப்பூருக்கு நானே பேசுறேன்" என்றேன்.

பெட்டிகளை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. முதல் பெட்டியைத் தூக்கியது உதயசூரியன். யாரும் சொல்லவில்லை. பத்தையும் அவர்தான் ஏற்றினார், என் பக்கம் பார்க்காமலே.

கடைசியில் ரகுநாத் திருப்பி எடுத்ததற்கு ஒரு ரசீது எழுதினார். எழுதி முடித்துப் பேனாவோடு பழக்க தோஷத்தில் என் கணவர் பக்கம் திரும்பினார். "சார், தலைவர் கையெழுத்து."

உதயசூரியன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தலைவர் அங்க நிக்கிறாங்க" என்றார்.