போட்டோவுக்கு நாற்பது பேர்

மண்ணூர் பெண்கள் விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சட்டம் வந்து இறங்கியது. வேனில். கூடவே நான்காம் ஆண்டு சட்ட மாணவர்கள் எட்டுப் பேர், ஒரு புரொஜெக்டர், 'உங்கள் உரிமை உங்கள் கையில்' என்ற பேனர்.

சமோசா மட்டும் டில்லிபாபு உபயம். விடுதி அவருடையது. அதில் தங்கியிருக்கும் நாற்பது பெண்களையும் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டரும் அவரே. ஆகவே சிறப்பு விருந்தினரும் அவரே. பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

குழுத் தலைவன் ஜெபர்சன் திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனான். அடிப்படை உரிமை ஓடியது. அடிப்படைக் கடமை ஓடியது. இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்த பாதிப் பேர், கண்ணைத் திறந்தபடி தூங்கும் கலையில் தேர்ந்தவர்கள். பதினொன்றாவது படத்தில்தான் ஒரு கை உயர்ந்தது.

'உங்கள் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது.'

கை வேல்விழியுடையது. ஊர் சங்கரன்கோவில் பக்கம். அவளுடைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் எட்டு மாதமாக டில்லிபாபுவின் பீரோவில் கிடக்கிறது. சேரும்போது வாங்கினால் ஒரு வருடம் முடிந்துதான் தருவார். இது அவர் வகுத்த சட்டம். நாளைக் காலை பத்து மணிக்குத் திருநெல்வேலியில் அசலைக் காட்டாவிட்டால், அவளுக்குக் கிடைத்த நர்சிங் சீட் அடுத்தவளுக்குப் போய்விடும். நான்கு நாளாகக் கெஞ்சியாகிவிட்டது.

"சார், அப்படி வாங்கி வச்சிருந்தா என்ன செய்யணும்?"

"அருமையான கேள்வி. கேள்வியெல்லாம் கடைசியில."

"கடைசின்னா எப்ப சார்?"

"போட்டோ எடுத்ததுக்கு அப்புறம்."

குறிப்பெடுக்கும் மாணவி எவாஞ்சலின் மட்டும் படிவத்தோடு அருகில் வந்தாள். "யாரு வச்சிருக்காங்க?"

வேல்விழி கையை நீட்டினாள். கை நீண்ட திசையில் ஒரு பொன்னாடை சமோசா தின்றுகொண்டிருந்தது. எவாஞ்சலின் பேனாவை மூடினாள். பிறகு திறந்து, 'பிரச்சினை' என்ற கட்டத்தில் 'பொதுவானவை' என்று எழுதினாள்.

"இன்னாமா நீ, மானத்த வாங்கிக்கினு? ஹாஸ்டல்ல எலி கீது. பத்ரமா வச்சினுகீறேன்" என்றார் டில்லிபாபு.

"பார்த்தீங்களா, சார் உங்க பாதுகாப்புக்காகத்தான்..." என்று பன்னிரண்டாவது படத்துக்குத் தாவினான் ஜெபர்சன்.

நாலரைக்கு அவன் போன் அதிர்ந்தது. பேராசிரியர் ஆபிரகாம். மாணவர்களைச் சட்ட முகாமுக்கு அனுப்பிவிட்டுத் தான் வராத அவர் கேட்டது ஒன்றுதான்: இடமும் நேரமும் தானாகப் பதியும் போட்டோ, ஐந்து மணிக்குள். பயனாளிகள் நாற்பதுக்குக் குறைந்தால் இன்டர்னல் மார்க் இருபத்தைந்தும் கிடையாது.

"எல்லாரும் பேனர் பக்கம் வாங்க!"

வேல்விழி பக்கத்திலிருந்த உலகம்மாளின் காதில் ஏதோ சொன்னாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. ஒருத்தியும் எழவில்லை.

"வரல சார்" என்றாள் வேல்விழி. "எங்க சம்மதம் இல்லாம எங்களப் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய? ஏழாவது படத்துல."

ஜெபர்சனுக்கே அது மறந்திருந்தது.

"என் மார்க் ஷீட்டு வந்தா சம்மதம் வரும்."

மணி நாலே முக்கால். இருபத்தைந்து மார்க் கண்முன்னே கரைந்தது. அதுவரை திரையைப் பார்க்காமல் ஒரு வரி பேசாத ஜெபர்சன், டில்லிபாபுவின் முன்னால் போய் நின்று மூச்சு விடாமல் பேசினான். தொழிலாளர் ஆய்வாளர் என்றான், போலீஸ் புகார் என்றான், ஐகோர்ட் என்றான். நான்கு வருடத்தில் அவன் வாதாடிய முதல் வழக்கு.

"தம்பி, துன்ன சமோசா யாரோடது?"

"சமோசாவுக்கு நன்றி சார். பீரோவைத் திறங்க."

டில்லிபாபு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு கவரோடு வந்தார்.

"அவளுக்கு மட்டுமா?" உலகம்மாள் அசையாமல் கேட்டாள். "போட்டோவுக்கு நாப்பது பேருல்லா வேணும்?"

ஜெபர்சன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு டில்லிபாபுவைப் பார்த்தான். ஐகோர்ட் மறுபடி ஆரம்பமாகும் என்று தெரிந்ததும் பீரோ மொத்தமாகக் காலியானது.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் போட்டோ. நாற்பது பேரும் நெஞ்சுக்கு நேராகச் சான்றிதழைப் பிடித்திருந்தார்கள். நடுவில் பொன்னாடையோடு டில்லிபாபு, கேமராவுக்காகச் சிரித்தார். பேராசிரியரிடமிருந்து போனில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

வேல்விழி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒரகடம் போய், ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போய், மின்சார ரயில் ஏறி, இரவு திருநெல்வேலி ரயிலைப் பிடிக்க வேண்டும். வாசலில் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்த எவாஞ்சலினிடம் நின்றாள்.

"அக்கா, உங்க ஒரிஜினல்லாம் வீட்டுலயா இருக்கு?"

எவாஞ்சலின் குரலைத் தாழ்த்தினாள். "காலேஜ் ஆபீஸ்ல. கோர்ஸ் முடிச்சாத்தான் தருவாங்க."

"எட்டுப் பேருக்குமா?"

"எல்லாருக்கும்."

வேல்விழி கவரை மார்போடு அணைத்துக்கொண்டாள். "லீவு கெடச்சா உங்க காலேஜுக்கு வாரேங்க்கா. நாப்பது பேரச் சேத்து வையுங்க. சமோசா வேண்டாம்."