சனிக்கிழமை எடை

மூட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட சுமைக்காரன் அச்சக முதலாளிக்குத் தரவேண்டியிருந்த கடன் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அந்த அச்சகத்தில் அச்சான ஆங்கில அகராதியில் பாதிக்கு மேற்பட்ட சொற்கள், சனிக்கிழமை மதியம் சங்கு ஊதியதும் புத்தகத்தை விட்டு இறங்கித் தங்கள் சொந்த ஊருக்குப் போய்விடும்; திங்கட்கிழமை விடியும்போது திரும்பி வந்துவிடும். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவனுக்குத் தெரிய நாலு வருஷம் பிடித்தது.

கடன், பெண்டாட்டியின் பிரசவத்துக்காக வாங்கியது. கத்தி வைத்துத்தான் அவளை மீட்டார்கள். குழந்தை மூன்று நாள் இருந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கை முதலாளி கட்டினார். கடல் தாண்டி இருந்த முதலாளியின் தங்கைக்கு அதே மாதம் பிள்ளை பிறந்திருந்தது, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. கடன் தீரும்வரை அவள் அங்கே இருப்பது, அவளுடைய சம்பளம் இங்கே கடனில் கழிவது என்று பேச்சு. புறப்பட்ட அன்று அவள் வீட்டுச் சாவியை அவன் கையில் கொடுத்து, "ஜன்னலை அடைச்சே வைக்காதீங்க, துணியெல்லாம் வாடை பிடிச்சிடும்" என்றாள். மார்பில் பால் இன்னும் வற்றாமல் இருந்தது.

அவளிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. அவனுக்கு எழுத்து தெரியாது. கணக்குப்பிள்ளைதான் படித்துச் சொல்வார். ஒருமுறை, ராத்திரியில் உங்கள் குறட்டை இல்லாமல் தூக்கம் வருவதில்லை என்று அவள் எழுதியிருந்த வரியை அவர் இரண்டு தடவை உரக்கப் படித்தார். பைண்டிங் மேசை முழுவதும் சிரித்தது. அன்றைக்கே மூட்டை எழுத்துக் கற்க ஆரம்பித்தான். வயது நாற்பத்தொன்று. தாள் கட்டுகளின் மேல் ஒட்டிய சீட்டுகளும் சுவரில் தொங்கிய பழைய விளம்பரங்களும்தான் பள்ளிக்கூடம். ஒன்றரை வருஷத்தில் அவள் கடிதத்தைத் தானே படித்தான். அதற்குள் குறட்டை பற்றி எழுதுவதை அவள் நிறுத்தியிருந்தாள். அந்தக் குழந்தைக்குப் பல் முளைத்தது, நடக்கிறது, தன்னை அம்மா என்று கூப்பிட்டுத் திட்டு வாங்கியது என்பதாக எழுதினாள்.

அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வாரக் கணக்கு முடிக்கும் சனிக்கிழமை சாயங்காலம் கட்டுகளை எல்லாம் மேடைத் தராசில் நிறுத்து எழுதுவார்கள்; திங்கள் காலையில் நிறுக்காமலே லாரியில் ஏற்றுவார்கள். இருபது அகராதி கொண்ட கட்டு முப்பத்தொரு கிலோ இருக்க வேண்டும். சனிக்கிழமை இருபத்திரண்டுதான் காட்டும். கட்டுக்குப் பொறுப்பு சுமைக்காரன். தாளைத் திருடி விற்கிறான் என்று குறைந்த கிலோவுக்கெல்லாம் காசு போட்டு முதலாளி அவன் கடனில் ஏற்றினார். மூட்டை தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். முதலாளி கெட்டவர் என்று சொல்ல முடியாது, தராசை நம்புகிறவர். அப்பா காலத்துத் தராசு. "தராசு சொன்னா சொன்னதுதான்பா, நீயும் நானும் என்ன பண்ண முடியும்?" என்பார். அங்கே பெண்டாட்டி சம்பாதித்ததை இங்கே சனிக்கிழமைகள் தின்றன. நாலு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது கடன் இருநூற்று நாற்பது ரூபாய் குறைந்திருந்தது. இந்த வேகத்தில் அவள் திரும்பி வர முந்நூறு வருஷம் ஆகும் என்று கணக்குப்பிள்ளை விளையாட்டாகச் சொன்னார். மூட்டை அன்று சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் எல்லோரும் சம்பளம் வாங்கிக்கொண்டு சாப்பிடப் போன பிறகு, வெறும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் கட்டுகளின் மேலேயே உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் பார்த்தான். முதலில் பிரெஞ்சுச் சொற்கள் இறங்கின. கூட்டம் அதிகம், ஆனால் வரிசை கலையவில்லை. நீதி, அரசாங்கம், சமையல், நாகரிகம் சம்பந்தப்பட்ட பெரிய பெரிய ஆட்கள். பின்னால் அரபுப் பக்கம் போகிறவை: காட்டன் என்ற பஞ்சு, லெமன் என்ற எலுமிச்சை, கணக்கில் வரும் அல்ஜீப்ரா. வடகடல் பக்கத்துச் சொற்கள் முட்டையையும் கத்தியையும் விண்டோ என்ற ஜன்னலையும் வானத்தையும் தூக்கிக்கொண்டு நடந்தன. ஒவ்வொன்றும் விரல் நீளம், மை வாசனை, எழுத்தின் அடியிலுள்ள குச்சிக் காலால் நடை. லத்தீன் சொற்கள் மட்டும் வாசல்வரை போய் நின்றுவிட்டன. அவற்றின் ஊரில் இப்போது அந்த மொழியை யாரும் வீட்டில் பேசுவதில்லை. பொழுது சாயும்வரை கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, குப்பைத்தொட்டிச் சுவரோரம் படுத்துக்கொண்டன. தமிழிலிருந்து போன சொற்களுக்குச் சாலையைத் தாண்டினால் போதும். கட்டுமரம் மரவாடிக்குப் போய்ச் சேர்த்துக் கட்டிய மரங்களைச் சுற்றி வந்தது. மாங்காய், பழவண்டியின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தது. வண்டிக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை, ஈயை ஓட்டுவதுபோல் ஓட்டினார். கூலி எங்கேயும் போகவில்லை. சம்பள மேசைக்கு முன்னால், காலி நாற்காலியைப் பார்த்தபடி வரிசையில் நின்றது.

மூட்டைக்கு ஆச்சரியத்தைவிட ஆறுதல்தான் அதிகம். திருட்டு இல்லை என்று தெரிந்துவிட்டதே. மெய்ப்புத் திருத்தும் கண்ணாடி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் முப்பது வருஷமாக அந்த அகராதியைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காலியான பக்கங்களைப் புரட்டினாள். தண்ணீர், ரொட்டி, கை, வீடு, தூக்கம் என்று பிறந்த இடத்திலேயே இருந்த சின்னச் சொற்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தன.

"எல்லாம் கடன் வாங்கின சொல்லு தம்பி. வாங்கினவங்க திருப்பித் தரல. அதுங்களே போய்ப் பாத்துட்டு வருதுங்க போல."

"பெண்டாட்டிக்கு என்ன சொல்லு அக்கா? போயிடுச்சா, இருக்கா?"

அவள் புரட்டிப் பார்த்தாள். "வைஃப் இருக்கு. அது சொந்தச் சொல்லு. ஹஸ்பண்ட்தான் கடன், வடக்கே இருந்து வந்தது. போயிருக்கு."

"என் வீட்டுல தலைகீழா இருக்கு" என்றான் மூட்டை.

கண்ணாடி அக்கா சிரிக்கவில்லை. "உன் வீட்டு ஜன்னலும் சாவியும்கூடத் தமிழ்ல கடன்தான் தம்பி. கப்பல்ல வந்தவங்க விட்டுட்டுப் போன சொல்லு. அவங்க கேக்கவும் இல்ல, நாம தரவும் இல்ல. நம்மளோடதாயிடுச்சு."

மறு வாரம் முதலாளியை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் காலுக்கடியில் போன சொற்களுக்கு வழிவிட்டு நின்று முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். "அப்ப எடை குறையறது உண்மைதானே?" என்று கேட்டார். உண்மைதான். "கட்டு உன் பொறுப்புதானே?" அதுவும் உண்மைதான். வழக்கம்போல் எழுதச் சொல்லிவிட்டுப் போனார். ஊரில் விஷயம் பரவியது. கொஞ்சநாள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், பிறகு நின்றுவிட்டது. அகராதி வாங்கியவர்கள் யாரும் புகார் எழுதவில்லை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அகராதி புரட்டுகிறவர்கள் குறைவு.

தோள் பிழைப்பு பிழைக்கிறவனுக்குத் தோளே தராசு. திங்கட்கிழமை லாரியில் ஏற்றும்போது கட்டு முன்னைவிடக் கனக்கிறது என்று மூட்டைக்கு ரொம்ப நாளாகவே தெரியும். வயசாகிறது என்று நினைத்திருந்தான். இப்போது திங்கள் விடியலில் கேட்டருகே நின்று கவனித்தான். சொற்கள் தள்ளாடி வந்தன. பஞ்சு, பனியில் நனைந்து வந்தது. ஜன்னலின் மேல் குளிர்ந்த கடற்காற்று ஒட்டியிருந்தது. மாங்காய் எங்கும் விலைபோகாமல் வந்து, சாலையைத் தாண்ட இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கியது. போன இடத்தில் எதையும் யாரும் இன்னார் என்று கேட்கவில்லை போலிருக்கிறது. உருவம் மாறிப் போயிருந்தது, உச்சரிப்பு மாறிப் போயிருந்தது. "வெறுங்கையோட வந்தாலும் கனக்கும் தம்பி" என்றாள் கண்ணாடி அக்கா.

அந்தத் திங்கட்கிழமை லாரி வந்து நின்றபோது, மூட்டை யாரையும் கேட்காமல் ஒரு கட்டைத் தராசில் இறக்கினான். முப்பத்துநாலு கிலோ. முதலாளி வந்து தராசைத் தட்டினார். கட்டை இறக்கச் சொல்லித் தானே ஏறி நின்றார். அவர் எடை எப்போதும் உள்ளதுதான். மறுபடி கட்டை வைத்தார்கள். முப்பத்துநாலு. அடுத்த கட்டும் முப்பத்துநாலு.

"குறைஞ்சதுக்கு என் பேர்ல எழுதினீங்க முதலாளி" என்றான் மூட்டை. "கூடினது யார் பேர்ல?"

மெய்ப்பிலிருந்து தலை நிமிராமலே கண்ணாடி அக்கா, "தராசு சொன்னா சொன்னதுதான்" என்றாள். பைண்டிங் மேசை ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தது. முதலாளி குனிந்து முள்ளை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பேரேட்டை எடுத்துவரச் சொன்னார்.

அதன்பின் திங்களும் நிறுத்தார்கள். சனிக்கிழமை எழுதிய பற்று திங்கட்கிழமை நேராயிற்று. மேலே ஏறிய மூன்று கிலோ அதே விலையில் கழிந்தது. அவள் சம்பளமும் முழுசாகக் கழிந்தது. பதினேழு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குக் கணக்குப்பிள்ளை மூட்டையின் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு, அடியில் இல்லை என்று எழுதினார். மூட்டை அதைத் தானே படித்தான், இரண்டு தடவை. அன்று மதியம் தன் கையால் முதல் கடிதம் எழுதினான். மூன்று வரி. கடன் தீர்ந்தது. ஜன்னல் திறந்திருக்கிறது. குறட்டை இன்னும் இருக்கிறது.

அவள் வந்தது ஒரு சனிக்கிழமை, சரியாகச் சங்கு ஊதும் நேரம். கேட்டிலிருந்து சொற்கள் வெளியேறிக்கொண்டிருந்தன. அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லாம் கடந்து போகும்வரை ஓரமாக நின்றாள். ஐந்தரை வருஷத்தில் முன்னந்தலை நரைத்திருந்தது. அவள் எதைப் பார்க்கிறாள் என்று விளக்க வாயெடுத்தவனிடம், "தெரியுது, ஊருக்குப் போவுதுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து சாவியை அவளிடமே கொடுத்தான். அவள் கதவைத் திறந்து, ஜன்னலைப் பார்த்து, அங்கே சொல்லிப் பழகிய பேரால் அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பரவாயில்லை என்றான். அதுவும் கடன், இதுவும் கடன்.

இப்போதும் சனிக்கிழமை மதியம் அகராதிகள் இலேசாகின்றன. முதலாளி நிறுப்பதை விட்டுவிட்டார். வருகிறதும் போகிறதும் சரியாகிவிடுகிறது என்று சொல்லிவிட்டார். அவளும் சங்கு ஊதினால் கைவேலையை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நிற்கிறாள். கடலுக்கு அப்பால் அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் ஆறு வயது ஆகியிருக்கும். அந்தச் சாயங்காலங்களில் அவள் அவன் தோளில் சாய்ந்தால் எடை குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு என்று அவனுக்குக் கிராம் கணக்கில் தெரியும். திங்கள் விடியும்போது சரியாகிவிடும், கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கும். அவன் அதை எவர் பேரிலும் எழுதவில்லை.