எங்கே போய்விடப் போகிறார்கள்

பொருளாதார டீச்சர் கரும்பலகையில் ஒரு கோடு கிழிப்பாள். இந்தக் கோடியில் ஒரு வேட்பாளர், அந்தக் கோடியில் இன்னொருவர், நடுவில் ஜனக்கூட்டம். நடுப்பக்கம் நகருகிறவர் ஜெயிப்பார், கோடியில் இருப்பவர்கள் எப்படியும் தங்கள் பக்கத்து ஆளுக்குத்தான் போடுவார்கள் என்று விளக்குவாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி எழுதிக்கொள்வார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அதை அவள் அண்ணனுக்கும் சொன்னாள்.

அண்ணன் வார்டு தேர்தலில் நின்றார். பழைய மார்க்கெட்டை இடித்து ரோட்டை அகலமாக்குவேன் என்றார் எதிர்த்து நின்றவர். "ஒரு செங்கல்லைக்கூடத் தொட விடமாட்டேன்" என்றார் அண்ணன். அந்த மார்க்கெட்டில்தான் டீச்சரின் கணவர் போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார்.

"அண்ணா, ரோடு கேக்குறவங்கதான் ஜாஸ்தி. 'பரிசீலிப்போம்'னு மட்டும் சொல்லுங்க. மார்க்கெட்காரங்க எங்க போயிடப் போறாங்க? இடிக்கிறவருக்கா போடுவாங்க?"

அண்ணன் ஜெயித்தால்தான் கடை தப்பும், ஜெயித்த பிறகு அவரிடம் காதோடு காதாகச் சொல்லிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். நல்ல எண்ணம்தான். கணவரிடம் மட்டும் அவள் மூச்சு விடவில்லை.

மறுநாளிலிருந்து அண்ணன் பரிசீலிக்க ஆரம்பித்தார்.

"மச்சான் ஏன் இப்படிப் பேச்சை மாத்திட்டாரு?" என்று சாப்பிடும்போது கணவர் கேட்டார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனவள், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றாள்.

ஓட்டுப்பதிவு அன்று காலையிலிருந்தே, ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே அவள் நின்றுகொண்டிருந்தாள். அகல ரோடு கேட்டவர்கள் காரிலும் ஸ்கூட்டரிலும் வந்து இறங்கினார்கள். அவர்களில், ஓரமாகக் கைகூப்பி நின்ற அண்ணனைப் பார்த்துச் சிரித்தவர்களைவிட சிரிக்காதவர்களே அதிகம். மார்க்கெட்காரர்களில் ஒருவரையும் காணோம். சாப்பிட்டுவிட்டு வருவார்கள் என்று நினைத்தாள். வெயில் தாழ்ந்தால் வருவார்கள் என்று நினைத்தாள். வெயிலும் தாழ்ந்தது.

கோடியில் இருப்பவர்கள் மறுபக்கம் தாவமாட்டார்கள் என்று பாடப்புத்தகம் சொன்னது சரிதான். மனசு விட்டுப்போனால் வீட்டை விட்டே கிளம்பமாட்டார்கள் என்றும் அதே பாடத்தின் கடைசியில் போட்டிருந்தது. பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்று அந்தப் பத்தியை வருஷாவருஷம் தாண்டிவிடுகிறவள் அவள்தான்.

மார்க்கெட்டுக்கு ஓடினாள். எல்லாக் கடையும் திறந்திருந்தது. கணவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு போனுக்குள் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஓட்டுப் போட வரலையா? மூடப் போறாங்க!"

"யாருக்குப் போட?" என்றாள் பக்கத்துப் பழக்கடைக்காரி. "இடிக்கிறவருக்கா, இடிக்கலாமான்னு யோசிக்கிறவருக்கா?"

கணவர் லென்ஸைக் கழற்றினார். "மச்சானை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. கடையைச் சாத்திட்டு எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டி மேஜையில் வைத்தாள். நாலைந்து கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"அண்ணா, மார்க்கெட்டை இடிக்க விடமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா, கடைசி நேரத்துல பயந்துட்டியா? நீதானே சொல்லிக்குடுத்தே, பரிசீலிப்போம்னு சொன்னாப் போதும், மார்க்கெட்காரங்க எங்க போயிடப் போறாங்கன்னு!"

அவள் பாய்ந்து போனை அணைத்தாள்.

ஒவ்வொருவராகத் தங்கள் கடைக்குத் திரும்பினார்கள். பழக்கடைக்காரி மட்டும் டீச்சரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

"அந்த மார்க்கெட்காரங்கள்ல நானும் சேர்த்தியா?" என்று கேட்டார் கணவர்.

கடையைச் சாத்தாமலே லென்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு வேலையில் குனிந்தார்.