எட்டுக் கார் நீளப் புத்தர்

பினாங்கு குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான், பார்வை போன ஒருத்திக்குக் கோபுரத்தை எப்படிக் காட்டுவது என்று தனக்குத் தெரியாது என்பது ஆனந்தராஜாவுக்கு உறைத்தது. மனைவி தவமணி அவருடைய முழங்கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். அவள் முகம் கோபுரத்தின் பக்கம் இல்லை; எதிர்க்கடையிலிருந்து வந்த பாட்டின் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கீழ் நிலையிலிருந்து தொடங்கி, இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், யாருடைய பட்டு என்ன நிறம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். மேல் நிலைக்கு வந்தபோது கீழ் நிலையில் யார் இருந்தார்கள் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர் அவர். எதைப் பார்த்தாலும் அது எப்படி நிற்கிறது, எதற்காக அப்படி நிற்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. கோபுரத்தில் மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் சிறுக்கும், சிலைகளும் கூடவே சிறுக்கும். சிறிதாகத் தெரிவதைக் கண் தூரம் என்று எடுத்துக்கொள்வதால், உள்ள உயரத்தைவிடக் கூடுதல் உயரம் தெரியும். கண்ணை அன்பாக ஏமாற்றுகிற அந்தக் கெட்டிக்காரத்தனம் அவருக்கு எப்போதும் வியப்பு. அதையும் தவமணியிடம் சொன்னார்.

"என்ர கண்ணை இனி ஆரும் ஏமாத்த ஏலாது," என்றாள் அவள்.

இந்த ஒரு நாள் அவள் கொடுத்த தவணை. அங்கோர் கோவிலைப் பார்க்கப் போக வேண்டும் என்பது கல்யாணமான புதிதிலிருந்தே இருவருக்கும் இருந்த ஆசை. விஷ்ணுவுக்கென்று எழுப்பிய கோவிலில் பிற்பாடு புத்தர் வந்து குடியேறி, இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்பதே தவமணிக்குப் போதுமான காரணம். அந்தக் கூரைக் கற்கள் சாந்து இல்லாமல் எப்படி நிற்கின்றன என்பது ஆனந்தராஜாவின் காரணம். பிள்ளை படிப்பு, வீட்டுக் கடன் என்று பயணம் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் கண்ணழுத்த நோய் அவள் பார்வையை ஓரங்களிலிருந்து தின்று, இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிற அளவில் விட்டு வைத்திருக்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் மகள் துஷ்யந்தி அடுத்த மாதத்துக்கு இரண்டு பயணச்சீட்டுகள் எடுத்திருந்தாள். இன்று இரவுக்குள் சொன்னால் ரத்து செய்துவிடலாம். அங்கே வந்து நான் எதைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்ட தவமணி, கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள். பினாங்கில் ஒரு கோவிலை அவர் அவளுக்குக் காட்டிவிட்டால், அங்கோருக்கு வருவாள். முடியாவிட்டால் பேச்சு இல்லை.

பட்டர்வொர்த்திலிருந்து காலையிலேயே ஃபெரி ஏறித் தீவுக்கு வந்திருந்தார்கள். இந்தப் பக்கம் வாசு என்ற வாடகைக்கார் ஓட்டுநரை நாள் முழுதும் பேசி வைத்திருந்தார். அவன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அபராதச் சீட்டு எழுதிவிடுவார்களோ என்ற பதற்றத்தில் கூப்பிட்டான். "அங்கிள், வாங்க லா. கெரேத்தாவ இங்க போட்டா சமன் அடிச்சிருவான்."

அடுத்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு வந்து, குவான் யின் கோவில் முற்றத்தில் இறங்கினார்கள். ஊதுபத்திப் புகை அங்கே தெருவரைக்கும் வந்து வரவேற்கும். ஆளுயரப் பத்திகளில் வெயிலோடு போட்டி போடுகிற கனல். கூரையின் விளிம்பில் டிராகன்கள், உடைத்த பீங்கான் துண்டுகளையே செதில்களாக ஒட்டிச் செய்தவை. இதை ஆனந்தராஜா அனுபவித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு குழந்தை புறாக்களுக்கு நடுவே ஓடியது. நூறு சிறகுகள் ஒன்றாக அடித்து எழுந்து, மேலே ஓட்டின் மீது சடசடவென்று இறங்கின. தவமணி சட்டென்று முகத்தை உயர்த்தினாள்.

"கூரை அவ்வளவு உயரத்திலயோ இருக்கு?" என்றாள்.

அவர் அதற்கு ஓர் எண்ணைச் சொன்னார். பிறகு திருத்தி, முகட்டுக்கு வேறு, விளிம்புக்கு வேறு என்று இரண்டு எண்களாகச் சொன்னார். உயர்ந்த முகம் மெல்லக் கீழே வந்துவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. வாசு கவனித்தான். காரில் ஏறியதும் கண்ணாடியில் பார்த்தபடி சொன்னான்: "அங்கிள், நீங்க இப்படியே ரெண்டு கிலோமீட்டர் பேசினா, கண்ணு நல்லா இருக்கற நானே கண்ண மூடிக்குவேன் லா." தவமணி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். ஆனந்தராஜாவும் சிரித்து வைத்தார்.

லோரோங் பர்மாவில் சயாமியர் கோவிலும் பர்மியர் கோவிலும் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சயாமியர் கோவிலின் சயனப் புத்தரைத்தான் அவர் கடைசி நம்பிக்கையாக வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். கூடம் குளிர்ந்திருந்தது, பளிங்குத் தரை பாதத்துக்கு இதமாக இருந்தது. பொன் போர்த்திய உடல் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒருக்களித்துப் படுத்திருந்தது. எத்தனையோ தடவை பார்த்திருந்தும் அவர் கண் அதன் மேலேயே நின்றது. இவ்வளவு பெரிய உருவம் இவ்வளவு ஓய்வாக இருக்க முடிகிறதே என்று தோன்றியது. அவளைத் தலைமாட்டுக்குக் கூட்டிப்போய், கம்பித் தடுப்பில் கைகளை வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"நீளம் முப்பத்து மூண்டு மீட்டர்."

எண் போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது. "எட்டுக் காரை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிப்பாட்டினால் எவ்வளவு வரும், அவ்வளவு," என்றார்.

"இப்ப எனக்கு எட்டுக் கார் தெரியுது," என்றாள் தவமணி. "புத்தரைத் தெரியேல்லை."

அவர் வேறு மாதிரி முயன்றார். வீட்டுக் கூடத்தை ஒப்பிட்டார், ஃபெரியின் தளத்தை ஒப்பிட்டார். ஒவ்வொரு ஒப்பீடும் அவளை வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. கடைசியில் அவள் தடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"துஷ்யந்திக்குச் சொல்லிப் போடுங்கோ. நீங்கள் தனியப் போயிட்டு வாங்கோ. நான் கோபத்தில சொல்லேல்லை. நீங்கள் இவ்வளவு பாடுபடுறதைக் கேக்க எனக்குக் கஷ்டமாக் கிடக்கு."

கோபப்பட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அவளை அங்கேயே விட்டு நடந்தார். தோள், இடுப்பு, தொடை என்று அந்தப் பொன்னுடல் கூடவே வந்துகொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை. கூடம் முடிகிற இடத்தில், தன்னைவிட உயரமாக நின்ற இரண்டு உள்ளங்கால்களின் முன் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ," என்று தவமணி கூப்பிட்டாள். அவர் பக்கத்தில் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எங்க நிக்கிறியள்?"

"காலடியில."

"ஆருடைய காலடியில?"

"புத்தருடைய காலடியில. வேற ஆருடைய?"

சுற்றுலா வந்திருந்த ஒரு சீனக் குடும்பம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. தவமணியின் கை மறுபடியும் தடுப்பைத் தேடிப் பிடித்தது. முகம் குரல் வந்த திசைக்கு முழுதாகத் திரும்பியது.

"அங்கயோ கால் இருக்கு?" என்றாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. "தலை இஞ்ச. கால் அவ்வளவு தூரத்திலயோ?"

அவர் வாயைத் திறந்தார். மீட்டர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"கதைச்சுக்கொண்டு வாங்கோ," என்றாள் அவள். "ஆறுதலா. எந்த இடம் எண்டு மட்டும் சொல்லுங்கோ, போதும். கணக்குச் சொல்லாதையுங்கோ."

"கணுக்கால்," என்றார் அவர். சிறிது தூரம் நடந்து, "இன்னும் கணுக்காலுக்கு மேலதான்." இன்னும் நடந்து, "முழங்கால்." நடு உடலில் தொங்கிய காவி மடிப்பைத் தாண்டும்போது, "இடுப்பு. கை இதுக்கு மேல நீட்டிக் கிடக்குது." அவர் வர வர அவள் முகமும் அவரோடு திரும்பிக்கொண்டே வந்தது. பக்கத்துக் குரல் நேராகக் காதுக்கு வரும். தூரத்துக் குரல் தனியாக வராது. தரையிலும் சுவரிலும் கூரையிலும் மோதிய எதிரொலிகளையும் கூட்டிக்கொண்டு வரும். இரண்டும் எவ்வளவு எவ்வளவு என்று பார்த்துத்தான் காது தூரத்தை அறிகிறது. இத்தனை காலம் தூரங்களோடு வாழ்ந்தும் இது ஏன் தோன்றவில்லை என்று வியந்தபடி, "தோள்" என்று சொல்லி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"எவ்வளவு பெரிய மனுசன்," என்றாள் தவமணி. அவள் கன்னம் நனைந்திருந்தது. "ஆறுதலாப் படுத்திருக்கிறார், என்ன?"

"ஓம்."

"அங்கோரில இப்பிடி நீளமா என்ன இருக்கு?"

"பாற்கடல் கடையிற சுவர் ஒண்டு இருக்கு. ஒரு பக்கம் அசுரர், மற்றப் பக்கம் தேவர், நடுவில விஷ்ணு. எல்லாரும் பாம்பைப் பிடிச்சு இழுக்கினம்."

"இவரைவிட நீளமோ?"

"நடந்துதான் காட்ட வேணும்."

அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "போனை எடுத்துத் தாங்கோ, துஷ்யந்தியோட நான் கதைக்கிறன்," என்றாள். அவர் பையைத் துழாவுவதற்குள், "அதுக்கு முதல் இன்னொருக்காப் போயிட்டு வாங்கோ. இந்த முறை தலையில இருந்து," என்றாள்.

வாசலில் நின்ற வாசு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்பதுபோல் படியில் உட்கார்ந்துகொண்டான். ஆனந்தராஜா திரும்பி நடந்தார். வழி இவ்வளவுதான்: அவள் ஓரிடத்தில் நிற்க வேண்டும், அவர் பெரிய பொருளின் ஓரமாக மெல்ல நடக்க வேண்டும், எந்த இடத்தில் இருக்கிறாரோ அந்த இடத்தின் பெயரை மட்டும் அவளுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

"தோள்," என்றார் அவர்.