ஜூஸ்காரரின் நாக்கு

பஸ் நிலையத்துக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருப்பவருக்கே சர்க்கரை வரப்போகிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா? அந்தப் பயத்தில் நம் ஜூஸ்காரர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக மனைவியிடம் சத்தியம் வாங்கினார்.

“யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. பக்கத்துக் கடை காபிக்காரன் காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன். ‘அவனே குடிக்கப் பயப்படுற ஜூஸை நீங்க குடிக்கிறீங்களே’ன்னு கூவிக் கூவி ஆளை இழுத்துடுவான்.”

“அது கிடக்கட்டும், டாக்டர் என்னதான் சொன்னாரு?”

“நோய் இன்னும் வரலையாம். ஆனா ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்காம். சாப்பாட்டை மாத்தி, தினம் நடந்தா இறக்கிடலாமாம். இப்போதைக்கு மாத்திரைகூட வேணாமாம்.”

“நல்ல சேதிதானே! அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றீங்க?”

“என்ன வேலை பாக்கிறீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டுச் சிரிக்கிறாருடி!”

டாக்டர் சிரித்ததில் தப்பில்லை. நம்மவர் வேலை பார்க்கும் விதம் அப்படி. பழத்தை அடித்ததும் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்ப்பார். சர்க்கரை போடுவார். மறுபடி ஒரு கரண்டி. போதாது என்று நாக்கு சொன்னால் இன்னும் கொஞ்சம் போட்டு, இன்னும் ஒரு கரண்டி. அளந்து போடுகிற கடைக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஏளனம். “மருந்துக் கடைதான் வெச்சிருக்கணும் இவனுங்க” என்பார். இந்த வகையில் ஒரு நாளில் அவர் வயிற்றுக்குள் போன ஜூஸைச் சேர்த்து வைத்தால் ஒரு குடும்பமே குடித்திருக்கலாம். இனிமேல் நாக்கு நுனியில் ஒரு சொட்டு, அதோடு சரி என்பது டாக்டரின் உத்தரவு.

வீட்டில் தையல் மெஷின் போட்டு உழைக்கிற மனைவி, ஒன்றைக் கையில் எடுத்தால் பாதியில் விடுகிற ரகம் இல்லை. அன்று மாலையே சர்க்கரை டப்பா சமையலறையை விட்டு வெளியேறியது. தட்டில் பாதிக்குக் காய்கறி வந்து உட்கார்ந்தது. சோறு ஒரு ஓரமாக, அழையாமல் வந்த விருந்தாளி போலக் கூசிக்கொண்டு கிடந்தது.

“இது சாப்பாடா, தோட்டமா?” என்று கேட்டார் ஜூஸ்காரர்.

“பேசாம மெல்லுங்க. நீங்க தொடாததை நானும் தொடமாட்டேன். போதுமா?”

அந்த வார்த்தையில் மனிதர் உருகிப் போனார். தனக்காக இவளும் வாயைக் கட்டுகிறாளே என்று நினைத்து, முதல் இரண்டு வாரம் முணுமுணுத்தபடியே மென்றார். பிறகு முணுமுணுப்பு நின்றது. சாப்பிட்டதும் தெருவைச் சுற்றி நடக்கப் போனார். பேன்ட் தானாக இறங்கப் பார்த்தது. மனைவி இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். மதியம் கண்ணைச் சொக்கிக்கொண்டு வரும் தூக்கம் வராமல் போனதில் அவருக்கே ஆச்சரியம்தான்.

உடம்பு தேறத் தேற, கடை படுக்க ஆரம்பித்தது.

தினமும் வண்டியை நிறுத்தியதும் ஓடி வரும் பஸ் டிரைவர் ஒரு நாள் பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டார். “அண்ணே, பழம் சரியில்லையா?” என்றார். மறுநாள் டிக்கெட் கவுன்ட்டர் அம்மா முகத்தைச் சுளித்தாள். அடுத்த வாரம் டிரைவர் காபிக் கடை வாசலில் நின்றுகொண்டு, இவரைப் பார்க்காத மாதிரி பார்த்தார். ஜூஸ்காரர் பழ வியாபாரியைப் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினார். வேறு ஆளிடம் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. அவர் நாக்குக்கு எல்லாமே அமிர்தமாக இருந்தது. ஆனால் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஓட்டினார்.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் மனைவிக்குப் போன் போட்டு வரவழைத்தார்.

“இதைக் குடிச்சுப் பாரு. எனக்கென்னவோ இதுல காபிக்காரன் சதி இருக்குன்னு தோணுது.”

அவள் ஒரு வாய் குடித்தாள். “இதுல சர்க்கரையே இல்லையே! வெறும் புளிப்பு.”

“என்னடி சொல்ற? திகட்டுதே எனக்கு!” பிடுங்கி ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். திகட்டத்தான் செய்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெல்ல மெல்ல அவருக்குப் புரிந்தது. சர்க்கரையை விட்டுப் பழகிய நாக்குக்குத் துளி இனிப்பே மலையாகத் தெரிகிறது. அந்த நாக்கை நம்பித்தான் இத்தனை நாளும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பழ வியாபாரி பாவம்.

அடுத்து இன்னொன்றும் புரிந்தது.

“ஆமா, நீயும்தானே என்கூட விட்டே? உன் நாக்கு மட்டும் எப்படி அப்படியே இருக்கு?”

மனைவியின் முகத்தில் அசடு வழிந்தது. “அது வந்து... துணி தைக்கக் குடுக்க வர்றவங்க ஏதாவது வாங்கிட்டு வந்து வைக்கிறாங்க. வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்கல்ல?”

“அடிப்பாவி! தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை யாரும் வரமாட்டாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. யோசிக்காமல் சர்க்கரை டின்னைத் திறந்து, பெரிய கிளாஸில் அள்ளிப் போட்டுக் கலக்கினார். “நாக்கைப் பழையபடி ஆக்கணும். நான் நல்லா இருந்து கடை படுத்துட்டா யாருக்கு லாபம்?” என்று வாயருகே கொண்டு போனார்.

அவள் கிளாஸைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினாள். “ஜூஸ் நல்லா இல்லன்னா அவங்க பக்கத்துக் கடைக்குப் போவாங்க. நீங்க இல்லன்னா நான் எந்தக் கடைக்குப் போறது?”

ஜூஸ்காரர் கண் கலங்கியதை மறைக்க மிக்ஸியைத் துடைத்தார். ஏற்கனவே துடைத்த மிக்ஸி அது.

“அளந்து போடுங்க,” என்றாள் அவள், குரலைச் சரிசெய்துகொண்டு. “நான் கண்ணால பாத்தா துணி வெட்டுறேன்? கெட்டுப்போகாத நாக்கு என்கிட்ட இருக்கு, அளவை நான் சொல்றேன். இன்னிக்கு ஒரு நாள்தான். நாளையிலேருந்து நானும் உங்ககூட நிஜமாவே விட்டுடறேன். வர்றவங்களுக்கு எவ்வளவு வேணும்னு கேட்டுப் போடுங்க.”

“கேட்டா, ஏன்னு கேப்பாங்களே.”

“சொல்லுங்க. திருடினீங்களா என்ன?”

மறுநாள் காலை காபிக் கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்த பஸ் டிரைவரை ஜூஸ்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். புதுசாக வாங்கிய அளவுக் கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

“தம்பி, சர்க்கரை எத்தனை கரண்டி போடட்டும்?”

“என்னண்ணே புதுசா? நீங்களே நாக்குல பாத்துப் போடுவீங்களே!”

ஜூஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காபிக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. சரி, அவனுக்கும் சேர்த்தே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

“எனக்குச் சர்க்கரை வரப் பாக்குதுப்பா!”

டிரைவர் வாயைப் பிளந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “ஜூஸ் கடைக்காரருக்கேவா?”

இத்தனை நாள் எதற்குப் பயந்தாரோ அது இவ்வளவுதான். ஜூஸ்காரருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“வாசல் வரைக்கும் வந்துடுச்சு. உள்ள விடாம என் பொண்டாட்டி கதவை அடைச்சுக்கிட்டு நிக்கிறா. உனக்கு எத்தனை, சொல்லு.”

டிரைவர் சிரிப்பை நிறுத்தித் தன் தொப்பையைக் குனிந்து பார்த்தார்.

“பாதி போடுண்ணே,” என்றார்.